மண்ணும் தோலும்

மார்கழித் திங்களில் மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபை ஒன்றிற் கச்சேரி கேட்கச் செல்வோர் பாடகரின் முகத்தை நோக்குவர். பிடில் வாசிப்பவரின் விரல்களை நோக்குவர். மேடையின் ஒரு புறத்தே இருக்கும் இரண்டு பொருள்களை ஒருசேர உற்று நோக்குவோர் மிகச் சிலரே. அவற்றுள் ஒன்று மிருதங்கம், மற்றொன்று கடம். மிருதங்கத்தின் வாய் தோலால் ஆயது. பசு, எருமை, ஆடு என்னும் மூன்றின் தோலும் அதில் இடம்பெறும். கடமோ மண்ணால் ஆயது. மானாமதுரைக் குயவர் களிமண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, ஈரம் முற்றும் புலராமுன் பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டிச் செறிவாக்கி, சூளையிற் சுட்டு எடுப்பது. இவ்விரண்டும் ஒரே தாளத்துக்கு அடங்கி ஒலிக்கின்றன. ஆயினும் மிருதங்கம் கடத்தைப் போல ஒலிக்க முயல்வதில்லை. கடமும் மிருதங்கத்தின் நாதத்தைக் கடன் வாங்குவதில்லை. தன் இயல்பில் நின்றுகொண்டே மற்றதனோடு பொருந்துவது அவற்றின் பெருமை.

இக்காட்சியை மனத்திற் கொண்டு நம் நாட்டுக் கைவினை ஒன்றைப் பற்றிச் சில சொல்லத் துணிகிறேன். நம் தேசத்துச் சுடுமண் சிற்பங்களினின்று கருத்தெடுத்து, தோலாற் கைப்பை, பணப்பை, இடைவார், புத்தக உறை, கடிகாரப் பட்டை முதலிய அணிபொருள்களை ஆக்கும் விருப்பம் இக்காலத்தில் வடிவமைப்புக் கலை பயில்வோரிடத்தே காணப்படுகின்றது. விருப்பம் நன்று. ஆனால், அதனை நிறைவேற்றப் பலர் மேற்கொள்ளும் வழி நன்றன்று என்பது என் கருத்து. தோலானது மண்ணைப் போல வேடம் புனைய வேண்டா. மண்ணினிடத்துத் தொழில் கற்க வேண்டும். கற்ற பின்னர், கற்பித்த கை இன்னாருடையது என்று வாய் திறந்து சொல்லவும் வேண்டும். இவ்விரண்டுமே யான் கூற வந்தவை.

இவ்வாராய்ச்சிக்கு நம் நகரினும் தக்க இடம் அரிது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1948-இல் தோன்றிய அந்நிலையம், டாக்டர் நாயுடம்மா போன்ற அறிஞரின் தலைமையில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. அதற்கு அணித்தாகிய தரமணியில், தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், தோற்பொருள் வடிவமைப்பு ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. தியாகராய நகரத்துக் கடைவீதிகளிலோ பைகளும் வார்களும் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளில் நவராத்திரி வந்துவிட்டால், கொலுப் பொம்மைகள் வீதியோரத்தை நிறைத்துவிடும். சற்றே தெற்கு நோக்கிச் சென்றாற் பல்லாவரம். அவ்வூர் மண்ணிலிருந்து, பண்டைத் தமிழர் தம்மில் இறந்தோரை இட்டுப் புதைத்த சுடுமண் ஈமப்பேழைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அதே ஊர்ப்புறத்திற்றான் தோல் பதனிடும் சாலைகளும் பெருகின. அடுத்துள்ள குரோம்பேட்டை தன் பெயரையே ஒரு குரோம் தோற்சாலையினின்று பெற்றது. இங்ஙனம் மண்ணும் தோலும் நம் கண்முன்னே அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. ஆனால், ஒருவரோடொருவர் பேசிப் பழகியதாகத் தெரியவில்லை.

பழகாமையின் விளைவை யான் நேரிற் கண்டதுண்டு. தீபாவளிக்குச் சில நாள் முன்னர், தியாகராய நகரில் ஒரு கடையில், செங்கல் நிறமுடைய கைப்பை ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. அதன்மேல் ஐயனார் கோயிற் குதிரை ஒன்று அச்சிடப்பெற்றிருந்தது. 'சுடுமண் வரிசை' என்று ஒரு சீட்டும் தொங்கிற்று. இது எவ்வூர்க் குதிரையின் உருவம் என்று வினவினேன். விற்பவர் புன்னகை செய்து, "டிசைன் சார்!" என்றார். என் தமக்கை மகளுக்குப் பரிசாக அதனை வாங்கினேன். ஆறு திங்கள் கழிந்தன. அவள் அப்பையைக் கொணர்ந்து காட்டியபொழுது குதிரையின் முகம் உதிர்ந்திருந்தது. செந்நிறப் பூச்சு மூலைகளில் உரிந்து, உள்ளேயிருந்து நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. குரோம் உப்பினாற் பதனிட்ட தோலின் இயற்கை நிறம் அது. உடைந்த பானை ஓட்டை எடுத்துப் பாருங்கள். மேலே பூசிய செம்மை அன்று அது. மண் முழுதும் நெருப்பிற் பெற்ற செம்மை. பையோ புறத்தே மண்ணாகவும் அகத்தே வேறாகவும் இருந்தது. இதனை யான் போலி என்று சொல்லத் தயங்கேன்.

இங்கே குறை குரோம் தோலினுடையதன்று. அத்தோல் மென்மையானது, வெப்பத்தைத் தாங்கும், ஒரு நாளிற் பதப்பட்டுவிடும், காலணிக்கும் கையுறைக்கும் அது சாலவும் ஏற்றது. குறை, பொருளின் இயல்பை ஆராயாமல் அதன்மீது படம் ஒட்டிய மனப்பான்மையினுடையது. சுடுமண் கலை என்பது ஒரு படம் அன்று. அது ஒரு செய்முறை. அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் ஐயனாருக்குக் குதிரை செய்வோர் வேளார் எனப்படும் குயவர். அவருட் பலர் அக்கோயில்களிற் பூசை செய்யும் உரிமையும் உடையவர். களிமண்ணொடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, உள்ளே பொள்ளலாகக் கால்களை முதலில் எழுப்புவர். அவை சிறிது இறுகிய பின்னரே அவற்றின்மேல் வயிற்றை ஏற்றுவர், அதன்மேற் கழுத்து, இறுதியில் தலை. கீழுள்ளது மேலுள்ளதைத் தாங்கும் பதம் வரும்வரை கை பொறுத்திருக்கும். அணிகளோ, மண்ணைத் திரித்துக் கயிறாக்கியும், உருட்டி மணியாக்கியும், தட்டி நாடாவாக்கியும், உடல்மீது அழுத்தி ஒட்டப்படுவன. உளி கொண்டு செதுக்குவது இங்கே இல்லை. சேர்த்தலும் அழுத்தலும் கீறலுமே உள்ளன.

வடநாட்டிலும் இவ்வாறே. இராசத்தானத்தில் நாததுவாரத்துக்கு அருகிலுள்ள மொலேலா என்னும் சிற்றூரில், குயவர் மண்ணைத் தரையிற் பலகைபோற் பரப்பி, அதன்மேல் தெய்வ வடிவங்களைப் புடைப்பாக எழுப்புவர். அப்புடைப்பு உள்ளே பொள்ளலாயிருக்கும். வங்காளத்து விஷ்ணுபுரத்தில், கல் அரிதான நாட்டில் வாழ்ந்த அரசர், செங்கற் கோயில்களை எழுப்பிச் சுவர் முழுதும் சுடுமண் பலகைகளாற் போர்த்தினர். அவற்றுள் சியாமராயர் கோயில் 1643-இல் எழுந்தது. அதே வட்டாரத்துப் பாங்குராக் குதிரையோ நீண்ட கழுத்தும் நிமிர்ந்த செவியும் உடையது. காதும் வாலும் தனியே செய்து செருகப்படுவன. சூளைக்குள் நெடிய காது உடையாதிருத்தற் பொருட்டுக் கண்ட வழி அது. இன்று அக்குதிரையை அழகென்று நாம் போற்றுகிறோம். அழகெனக் கண்டது முன்னே வசதியெனப் பிறந்தது. பொருளின் இடர்ப்பாட்டுக்குக் கை கண்ட விடையே வடிவம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனித் தோலுக்கு வருவோம். ஈரமண் சிறிது புலர்ந்து, கைபட்டால் ஒட்டாமலும், அழுத்தினால் வடு கொள்ளுமாறும் நிற்கும் ஒரு நடுநிலை உண்டு. குயவர் வழவழப்பாக்குவதும், கீறுவதும், பிடி ஒட்டுவதும் அந்நிலையிற்றான். ஆங்கில நாட்டுக் குயவர் அதற்கு வைத்துள்ள பெயரைத் தமிழில் 'தோற்பதம்' என்று சொல்லலாம். மண் தோலைப் போல் இறுகும் பதம் என்பது அதன் பொருள். மண்ணின் தொழிலறிந்தோர் தம் பொருளின் மிகச் சிறந்த நிலையைக் குறிக்கத் தோலின் பெயரையே தேடி எடுத்தனர் என்றால், இவ்விரண்டின் உறவு நாம் இன்று கற்பித்ததன்று.

உறவு உண்மையானதே. மரப்பட்டைத் துவரினாற் பதனிட்ட தோலை நீரில் நனைத்தால் அது நெகிழும். நெகிழ்ந்த தோலை அச்சின்மேல் அழுத்தி உலரவிட்டால், அவ்வடிவத்தை அது விடாமற் பற்றிக்கொள்ளும். கீறலை மறவாது; புடைப்பை இழவாது. குரோம் தோலோ ரப்பரைப் போல மீண்டு விரியும், எழுதியதை அழித்துவிடும். ஈரத்திற் கற்று உலர்ந்தபின் நினைவில் வைக்கும் குணம் மண்ணுக்கும் துவர்த்தோலுக்குமே பொது. ஆகவே சுடுமண் கலையைத் தோலிற் கொணர விரும்புவோர் முதலிற் செய்ய வேண்டுவது, எந்தக் குதிரையின் படத்தை எடுப்பது என்னும் ஆராய்ச்சியன்று. எந்தத் தோலை எடுப்பது என்னும் ஆராய்ச்சி.

அத்தோல் நமக்கு அயலதும் அன்று. ஆவாரம்பட்டையின் துவரிற் பதனிட்டு, சென்னைத் துறைமுகத்தினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தோலுக்குக் கிழக்கிந்தியத் தோல் என்றே வணிக உலகிற் பெயர். இன்று அது தமிழ்நாட்டுக்குரிய புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களில் வழிவழி வந்த தொழில் அது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆவாரந்துவர் ஊட்டிய தோல் வெயில் படப்படச் செந்நிறம் கொள்ளும். அக்காலத்து வணிகர் இதனைக் குற்றமெனக் கருதி, இறுதியிற் கடுக்காய் நீரில் ஊறவைத்து அச்செம்மையைத் தடுத்தனர். சுடுமண்ணின் நிறத்தைத் தோலில் நாடுவோர்க்கு, வணிகர் குற்றமென்று தள்ளியதே வரமாகும் அன்றோ! வண்ணப் பூச்சைக் கைவிட்டுக் கடுக்காயின் அளவைக் குறைத்து, வெயிலையே சூளையாகக் கொண்டு, நாளடைவிற் சிவக்கும் பையொன்றை நம் மாணவர் ஏன் சோதித்துப் பார்த்தல் கூடாது? அப்பையிற் கீறல் விழுந்தாலும் உள்ளே நீலம் தோன்றாது. அடையாற்று ஆராய்ச்சி நிலையத்தாரின் துணை இதற்குக் கிடைக்குமாயின், சோதனை முறையாக நடைபெறும்.

வடிவத்திலும் இவ்வாறே செய்யலாம். சில எடுத்துக்காட்டுத் தருகிறேன். கடத்தின் வயிறு போன்ற ஒரு சிறு சுடுமண் அச்சைக் குயவரிடம் செய்வித்து, நனைந்த தோலை அதன்மேல் இழுத்துக் கட்டி உலர்த்தினால், தையல் மிகக் குறைந்த பணப்பை ஒன்று பிறக்கும். அச்சு நீரை உறிஞ்சும் மண்ணாதலின், உலர்த்துவதற்கும் அது உதவக்கூடும். மொலேலாப் பலகையைப் பின்பற்றி, புத்தக உறையின் பின்புறத்தினின்று தோலை மெல்லத் தள்ளி முன்புறத்தே புடைப்பு எழுப்பலாம். விஷ்ணுபுரத்துச் சுவர்போல, சிறு சிறு சதுரத் துண்டுகளை இணைத்துப் பெரிய பை ஆக்கலாம். பெருந்தோல் வெட்டியபின் எஞ்சும் துண்டுகளுக்கும் அதனால் வாழ்வு கிடைக்கும்.

ஐயனார் குதிரையிடத்தே இன்னும் ஓர் அதிசயம் உண்டு. அதன் உடம்பில் வேளார் மண்ணால் அழுத்தி வைத்த சேணமும் கடிவாளமும் மார்ப்பட்டையும் உயிர்க் குதிரையின்மேல் தோலால் ஆயவை. தோலைக் கண்டே அவர் மண்ணில் எழுதினார். எனினும் அவர் தோலின் துவளும் தன்மையை மண்ணிற் பாசாங்கு செய்யவில்லை. பட்டையான நாடாவாகவும் வரிசையான மணிகளாகவும் மண்ணின் மொழியில் அதனைப் பெயர்த்துவிட்டார். இப்போது அச்சேணத்தைப் பார்த்து நாம் ஒரு பையின் தோள்வாரைச் செய்வோமாயின், தோலினின்று மண்ணுக்குச் சென்ற பொருள் மண்ணினின்று தோலுக்குத் திரும்பி வருகிறது. வேளார் காட்டிய நேர்மையோடு நாமும் அதனைப் பெயர்த்தல் வேண்டும். அவர் மணியை உருட்டி அழுத்தினார்; நாம் தோல்வாரைச் சுருட்டி முடிச்சிடலாம். இதற்குப் பெயர் பின்பற்றல். படத்தை ஒட்டுவதற்குப் பெயர் பறித்தல்.

இக்கருத்துக்கு எழக்கூடிய தடைகளையும் ஆராய்வோம். வழிபாட்டுக்குரிய மண்ணுருவைத் தோலிற் கொணர்தல் பக்தர் மனத்தை வருத்தாதோ என்பது ஒன்று. வருத்தும், வருத்தமுற அவர்க்கு உரிமையும் உண்டு. தெய்வத் திருவுருவை இடைவாரிலும் காலணியிலும் பொறிப்பது எச்சமயத்தார்க்கும் அடுக்காது. யான் வேண்டுவது உருவத்தை அன்று, தொழிலை. தெய்வத்தை அன்று, சேணத்தை. என் வழியில் இத்தடை தானே நீங்கிவிடுகிறது. படம் ஒட்டுவோர் வழியிலேதான் அது நிற்கிறது.

துவரிட்ட தோல் விலை மிகுந்தது, காலமும் மிகுதியாகக் கொள்வது என்பது இரண்டாவது தடை. மெய்யே. குரோம் ஒரு நாளிற் செய்வதைப் பட்டைத்துவர் வாரக்கணக்கிற் செய்கிறது. ஆனால், அணிபொருள்கள் சிறியவை. ஒரு கைப்பைக்கு வேண்டும் தோல் கொஞ்சம். உரியாமலும் வெளிறாமலும் பத்தாண்டு உழைக்கும் பொருளின் விலையை, ஆறு திங்களிற் குப்பைக்குச் செல்லும் பொருளின் விலையோடு ஒப்பிடுதல் கணக்காகாது.

மூன்றாவது தடை பெரிது. தோற்றொழிலே நீரையும் நிலத்தையும் கெடுக்கின்றதே என்பர் சிலர். பாலாற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தை அறிந்தோர் இதனை மறுக்க ஒண்ணாது. 1996-இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றம், வேலூர்ப் பகுதித் தோற்சாலைகளைப் பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. துவர் முறையும் இப்பழிக்கு முற்றும் புறம்பன்று. அதன் கழிவு நீரும் தூய்மை செய்யப்பட வேண்டுவதே. ஆயின் குரோம் உப்பு அதிற் கலவாது. தோலை வீணாக்காமல், குறைவாக எடுத்து நிறைவாகச் செய்வதே இத்தொழிலுக்கு விதித்த தவம். மலிந்த பைகளை மலைபோற் குவிப்பதனால் பாலாறு தெளியாது.

இனி யான் இரண்டாவதாகக் கூற வந்த செய்திக்கு வருகிறேன். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் வாயிலிற் சிறிது நேரம் நின்று பாருங்கள். மிதியடிகள் வெளியே கிடக்கின்றன. தோல் வாயிலோடு நின்றுவிடுகிறது. மண்ணாற் செய்த அகலோ கோயிலினுள்ளே ஒளிர்கிறது. மண் பொம்மையோ வீட்டுக் கொலுவில் உச்சிப் படியில் ஏறுகிறது. தோலை வெளியே நிறுத்திய வழக்கம் தோலோடு நின்றுவிடவில்லை. தோலைத் தொட்ட கையையும் அது ஊருக்கு வெளியே நிறுத்தியது. மிருதங்கத்தின் நாதத்துக்கு ஆயிரம் பேர் தலையசைத்தனர். அத்தோலை மூட்டியவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர்? பாடகர் டி. எம். கிருஷ்ணா அத்தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து 2020-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்ட பின்னரே, மேடைக்கு முன்னிருந்தவர் பலர் மேடைக்குப் பின்னிருந்தவரைப் பற்றிக் கேள்வியுற்றனர். குயவர் நிலையும் பெரிதும் மேலன்று. குதிரை ஊர்க் காவலாய் நிற்கும். செய்தவர் குளத்து மண்ணுக்கு அலைவார்.

இத்தகைய இரு சாராரின் கைத்திறத்தையும் ஒன்று கூட்டிப் பை செய்கிறோம். அப்பையின் சீட்டில் யார் பெயர் அச்சாகின்றது? வடிவமைத்தவர் பெயர், அன்றேல் கடையின் பெயர். இது நீதியோ?

சட்டம் உண்டே, புவிசார் குறியீடு உண்டே என்று கூறலாம். பாங்குராக் குதிரை, மொலேலாப் பலகை, புதுவையை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் வேலை ஆகியன அக்குறியீடு பெற்றவை. வில்லியனூர்க் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால், அக்குறியீடு இன்ன ஊர் மட்பொருள் என்று விற்கும் பெயரைக் காக்கும். அம்மண்ணைப் பார்த்துத் தோலில் ஒன்று செய்பவரை, மண் செய்தவருக்கு வணக்கம் சொல் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. சட்டம் அவ்வளவு தூரம் வாராது. சட்டம் நிற்குமிடத்தில் மானம் புறப்படுதல் வேண்டும்.

இதற்கு அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. 2025 ஜூன் மாதத்தில், இத்தாலிய நாட்டுப் பிராடா நிறுவனம் மிலான் நகர ஆடையணிக் காட்சியில் ஒரு செருப்பைக் காட்டிற்று. அது 2019-இற் புவிசார் குறியீடு பெற்ற நம் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்திருந்தது; ஆனால் கோலாப்பூரின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. நம் நாட்டிற் குரல் எழுந்தது. அதன் பின்னரே அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில், மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளைச் சார்ந்த தோற்றொழில் நிறுவனங்களோடு உடன்படிக்கையும் செய்து, இங்கேயே செருப்புச் செய்விக்க முன்வந்தது. கடல் கடந்தவர் செய்தபொழுது நாம் சினந்தோம். அதே செயலைத் தியாகராய நகரில் நம்மவர் செய்யும்போது, "டிசைன் சார்!" என்னும் விடையோடு அமைந்துவிடுகிறோம். அயலார்க்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்பது பொருந்துமோ?

நல்வழி காட்டியோரும் நம்மிடையே உண்டு. தாகூர் 1922-இல் தொடங்கிய சிரீநிகேதனத்தில், அவர் மகனார் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியாரும் தோல் வேலையை ஒரு கலையாக வளர்த்தனர். துவரிட்ட ஆட்டுத்தோலிற் புடைப்பும் கைவண்ணமும் இட்டுச் செய்யும் அப்பைகள் இன்று சாந்திநிகேதனத்தின் பெயராலேயே குறியீடு பெற்று விளங்குகின்றன. பல கிராமத்தார்க்கு அது பிழைப்பாயிற்று. ஆந்திர நாட்டில் நிம்மலகுண்டா என்னும் ஊரில், தோற்பாவைக் கூத்து நலிந்தபொழுது, கூத்துக் குடும்பத்தார் அதே ஆட்டுத்தோலில் அதே துளையிடும் கையால் விளக்குக் கூடுகள் செய்யத் தொடங்கினர். பாவையின் பின் எரிந்த விளக்கு இப்போது கூட்டின் உள்ளே எரிகிறது. ஒளி ஊடுருவும் தோல் என்னும் பொருளின் உண்மை மாறவில்லை, செய்பவரும் மாறவில்லை, பயன் ஒன்றே மாறிற்று. யான் மேலே கூறிய இரண்டு நெறிகளும் இங்கே ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்க.

நம் நகர வரலாற்றிலும் இதற்கு வித்து உண்டு. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் மட்பாண்ட வேலை கற்பிக்கப்பட்டது. பின்னர் அப்பள்ளிக்குத் தலைமை வகித்த ஆல்பிரடு சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குரோம் முறையிற் தோல் பதனிடுதலைச் சென்னையிற் சோதித்து நிலைநிறுத்தியவர். ஒரே பள்ளியின் வரலாற்றில் மண்ணும் தோலும் அடுத்தடுத்து இடம்பெற்றும், ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவர்கள் விட்ட இடத்தினின்று நாம் தொடங்கலாம்.

மாணவ நண்பர்களே! பழைய மாணவராய்த் தொழில் நடத்தும் அன்பர்களே! நம் கல்லூரியின் கைவினைக் கழகத்தார் அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்குத் தோற்பொருள் செய்யக் கருதுவார்களாயின், என் விண்ணப்பம் மூன்று. முதலாவது, கணிப்பொறித் திரையிற் படம் தேடுமுன், குயவர் ஒருவரின் திண்ணையில் ஒரு நாள் முழுதும் அமர்ந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அவ்வாறே தோல் தைப்பவர் ஒருவரின் அருகிலும் அமருங்கள். இரண்டாவது, அவ்விருவரையும் நம் கல்லூரிக்கு அழைத்து, பேராசிரியர்க்கு இடும் ஆசனத்தை அவர்க்கும் இட்டு, கற்பித்ததற்குரிய ஊதியத்தை விற்பனைக்கு முன்னரே கொடுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு பொருளின் சீட்டிலும், மண்ணின் ஊரும் தோலின் ஊரும், அவர்கள் இசைந்தால் அவர்தம் பெயர்களும் அச்சிடுங்கள். விலையில் அவர்க்குரிய பங்கு இன்னதென்பதையும் மறைக்காமற் குறியுங்கள். சீட்டில் இடம் போதாது என்பீராயின், நம் பெயரைச் சிறிதாக்கிக்கொள்வோம்.

இது புதுமை அன்று. பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும் விழா வரும்பொழுது, ஊரார் குயவரிடம் நேரே சென்று குதிரை செய்க என்று கட்டளையிடுவதில்லை. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, மரியாதையோடு வேளார் கையிற் கொடுப்பர். அதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அம்மண் அவர் கையிற் சேர்ந்த பின்னரே வேலை தொடங்கும். ஊரின் நம்பிக்கையும், உழைப்புக்கு ஊர் பட்ட கடனும் அந்த ஒரு பிடிக்குள் அடங்கியிருக்கின்றன. எழுத்தறியாதவர் பலர் வாழ்ந்த ஊர்கள் கண்ட முறை இது. பட்டம் பெற்ற நாம் வடிவத்தை எடுக்கிறோம், பிடிமண்ணைக் கொடுத்தோமா?